ராணியின் செருப்புப் பணமும் மலையூர் உபதேசியாரும்

சித்தரேவிலிருந்து பெரும்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கே மரம் சாயும், எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது. கீழ்ப்பழனி மலையின் இந்தப் பக்கம் காப்பிக்கும் மிளகுக்கும் மலைவாழைக்கும் பேர்போனது. புல்லாவெளி அருவி பார்க்க வருகிறவர்கள் மாலைக்குள் இறங்கிவிடுவார்கள். சாலை மட்டும் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தைத் தாண்டி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று வளைந்து போய்க்கொண்டே இருக்கும். இங்கே குடியிருப்புகள் கூப்பிடு தூரத்தில் அமைந்தவை அல்ல. தோட்டம் முடிந்தால் காடு, காடு முடிந்தால் இன்னொரு தோட்டம். இருட்டியபின் காட்டுமாடு நிற்கும் பாதையில் ஜெபக்கூட்டத்துக்குப் போவதென்றால், நாலு பேர் சேர்ந்து கையில் டார்ச்சோடு போனால்தான் உண்டு.

இப்படிப்பட்ட மலையில் குருவானவரோ பங்குத்தந்தையோ ஒருவரே பல ஊர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த ஞாயிறு ஓர் ஊரில் ஆராதனை நடத்தினால், அடுத்த ஊருக்கு எப்போது வருவார் என்பதை மழையும் பஸ்ஸும் முடிவு செய்யும். இடைப்பட்ட நாட்களில் சபையைத் தூக்கிப் பிடிப்பவர் உபதேசியார். அவரும் இல்லாத ஊரில், எழுத்துக்கூட்டி வேதம் வாசிக்கத் தெரிந்த ஓர் அக்கா. காய்ச்சலில் படுத்தவர் வீட்டில் ஜெபம், பேறுகாலத்துக்குப் போன பெண்ணுக்காகத் தாயின் வீட்டு முற்றத்தில் ஒரு பாட்டு, இறந்தவரைத் தூக்க நாலு தோள். இவ்வளவும் நடக்கிற ஊரில் திருச்சபை இருக்கிறது. சுண்ணாம்பு பூசிய கட்டடம் இருக்கிறதா என்பது பிறகு வருகிற கேள்வி.

ஆனால் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களின் நன்கொடைச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தால் அந்தப் பிறகு வருகிற கேள்விதான் முதலில் நிற்கிறது. கோபுரம், கொடிமரம், முகப்பு விரிவாக்கம், குளிர்சாதனம், கிரானைட் தரை. ஏற்கெனவே நன்றாயிருக்கும் ஆலயத்தை இடித்துவிட்டுப் பெரிதாக எழுப்புவது சில ஊர்களில் கௌரவப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. பக்கத்து ஊர்க் கோபுரத்தைவிட நம் கோபுரம் ஏழடி உயரம் என்று சொல்லிக்கொள்வதில் ஆன்மிகம் எந்த அடியில் ஆரம்பிக்கிறதோ தெரியவில்லை.

கட்டடம் மனிதர்களைவிட நெடுநாள் வாழும் என்பதற்கு இந்த மலையே சாட்சி. தாண்டிக்குடி வட்டாரம் உட்படப் பழனி மலையில் பல இடங்களில் பெருங்கற்காலக் கற்திட்டைகள் நிற்கின்றன. அவற்றைத் தேடி அலைந்து அளந்து பதிவு செய்தவர்களில் முக்கியமானவர் செண்பகனூரிலிருந்த சேசு சபைக் குரு ஆங்லேடு. அவரும் நியூட்டன் என்பவரும் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. பலகைக் கற்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றை நிறுத்தியவர்கள் என்ன பேர் சொல்லிக் கும்பிட்டார்கள், எந்தப் பாட்டுப் பாடி அழுதார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஒரு கிறிஸ்தவக் குரு இதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

தமிழ்க் கிறிஸ்தவம் கட்டடத்தில் தொடங்கவில்லை. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களின் நடுவில் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். பிறகு சில ஆண்டுகள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளே இல்லை. 1542இல் அந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் முதலில் செய்த காரியம், தமிழ் தெரிந்தவர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, தானும் மனப்பாடம் செய்தது. அடுத்தது, கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டியது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஓர் ஊரை விட்டு அடுத்த ஊருக்குப் போகும்போது அவர் விட்டுச் சென்றது ஒரு மனிதரை: கணக்கப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை மக்களைக் கூட்டுவது, ஜெபம் சொல்லித் தருவது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

இவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே! அந்தக் கரையிலிருந்து போர்த்துக்கல் ராணிக்குச் செருப்பு வாங்குவதற்கென்றே ஒரு வரி போய்க்கொண்டிருந்தது. ஆண்டுக்கு 4000 பணம். கடலில் மூச்சடக்கி முத்தெடுத்தவர்களின் உழைப்பு லிஸ்பனில் ஒருத்தி காலுக்கு அலங்காரமாயிற்று. அந்தப் பணத்தைக் கணக்கப்பிள்ளைமார்களின் சம்பளத்துக்கு விட்டுக்கொடுக்கும்படி சவேரியார் ராணி கத்தரீனாவைக் கேட்டு வாங்கினார். பரதவர் கொடுத்த காசு பரதவருக்கே ஆசிரியராகத் திரும்பி வந்தது. தமிழ்த் திருச்சபை வரலாற்றில் இதைவிடச் சிறந்த வரவுசெலவுத் திட்டம் இன்றுவரை எவரும் போட்டதாகத் தெரியவில்லை. மணப்பாட்டுக் குன்றின் மேல் கோயிலைப் பார்த்துப் படமெடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் செருப்புப் பணம் தெரியும்?

கட்டடம், குரு இரண்டும் போய்விட்டால் சபை என்ன ஆகும் என்ற கேள்விக்கு யாழ்ப்பாணம் பதில் வைத்திருக்கிறது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கையில் விழுந்தது. கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டார்கள். கோயில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்குப் போயின. கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்ற நிலை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்றுவிடும் காலம்.

1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குரு தூத்துக்குடி வழியாக யாழ்ப்பாணத்தில் இறங்கினார். கூலியாள் கோலம், காலில் செருப்பு இல்லை. யார் கத்தோலிக்கர் என்று வாய்விட்டுக் கேட்க முடியாது, கேட்டால் பிடிபடுவார். அதனால் கழுத்தில் ஒரு செபமாலையைத் தெரியும்படி போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார். மாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறது, யார் கண் ஒரு நொடி கூடுதலாக நிற்கிறது என்று கவனித்தார். அப்படித்தான் சபையைக் கண்டுபிடித்தார். கோயில் தேடிப் போயிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. பிறகு சில்லாலையில் ஒளிந்திருந்து இரவில் திருப்பலி நிறைவேற்றினார். 1689 கிறிஸ்துமஸ் இரவில் வீடுகளில் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தர் வந்து பிடித்தார்கள். பிடிபட்டவர்கள் இருந்த இடங்கள் கோயில்கள் அல்ல, வெறும் வீடுகள்; ஆனாலும் அங்கே நடப்பது என்ன என்று ஒல்லாந்தருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வாஸ் 1711இல் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரியில் போப் பிரான்சிஸ் கொழும்பில் வைத்து அவரைப் புனிதராக அறிவித்தபோது, அவர் வருவதற்கு முன் முப்பது ஆண்டு விளக்கை அணையாமல் காத்த அந்தப் பேர் தெரியாத யாழ்ப்பாணத்துப் பெண்களையும் ஆண்களையும் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

மடுமாதா கோயிலின் கதையும் இதே காலத்தது. மாந்தையிலிருந்து மாதா சிலையைத் தூக்கிக்கொண்டு சில குடும்பங்கள் காட்டுக்குள் ஓடின என்பது மரபு. அதே சிலை 2008 ஏப்ரலில், போர் நெருங்கியபோது, மறுபடியும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போயிற்று; ஆகஸ்டில் திரும்பி வந்தது. சிலையே மக்களோடு அகதியாகப் போனதைப் பார்த்தவர்களுக்குத் திருச்சபை என்றால் என்ன என்று வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

1964 நவம்பர் 21ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய தன் முக்கிய ஏட்டை வெளியிட்டது. அதன் வரைவில் ஆயர்கள், குருக்கள் பற்றிய பகுதிதான் முன்னால் இருந்தது. விவாதம் நடந்து, கடவுளின் மக்கள் என்ற இயலை முன்னே கொண்டுவந்து, அதிகாரப் படிநிலையைப் பின்னே தள்ளினார்கள். பார்வைக்கு இயல் வரிசை மாற்றம். உள்ளுக்குள் ஒரு புரட்சி. அது நடந்து ஏறக்குறைய ஒரு மாதம். டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அடித்துக்கொண்டு போயிற்று. ரயிலோடு பயணிகளும் போனார்கள். மனிதர் வாழத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. பவளப்பாறைக் கல்லில் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் மட்டும் அரைகுறையாக நிற்கின்றன. இன்றைக்கு அங்கே கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்கிறார்கள், பக்கத்தில் சங்கு மாலை விற்கிறார்கள். அந்தக் கோயிலில் பாடியவர்கள் ராமேசுவரம் தீவின் மற்றக் கரைகளுக்கு இடம் மாறி வேறு பீடங்களின் முன் பாடினார்கள். ரோமிலே ஏட்டில் எழுதியதை வங்கக் கடல் கல்லில் எழுதிக் காட்டியது என்று சொல்வது கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அதே கடலில் கச்சத்தீவு. ஊரில்லாத தீவில் ஒரு புனித அந்தோணியார் கோயில். குடியிருப்பு கிடையாது, குடிதண்ணீர் கிடையாது. ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்கு இரு கரைத் தமிழ் மீனவர்களும் படகேறி வரும்போதுதான் அது கோயிலாகிறது. இந்தியாவும் இலங்கையும் 1974இல் செய்த ஒப்பந்தத்தில்கூட இந்தியப் பக்தர்கள் வந்துபோவதற்கு வழி வைத்திருந்தார்கள். 2016இல் இலங்கைக் கடற்படை அங்கே புதிய கோயில் கட்டிக் கொடுத்தது. 2024இல், மீனவர்களைக் கைது செய்து தண்டிப்பதைக் கண்டித்து ராமேசுவரம் மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். புதுக் கட்டடம், பழைய புனிதர், ஆனால் பாதிச் சபை கரையில் நின்றுவிட்டது.

மலைக்கே திரும்புவோம். கொடைக்கானலின் கிறிஸ்தவக் கட்டடங்கள் அழகானவை. அவற்றின் வரலாறும் சுவையானது. சமவெளிக் காய்ச்சலிலும் காலராவிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845இல் மேலே ஏறி வந்து பங்களா கட்டினார்கள். பிரெஞ்சு சேசு சபைக் குரு லூயி சேன்சீர் எழுப்பிய சலேத்து மாதா கோயில் 1866லிருந்து நிற்கிறது. செண்பகனூர்த் திரு இருதயக் கல்லூரி 1895. ஆனால் அந்தக் காலத்தில் மேலே வந்த துரைமார்களும் துரைசானிமார்களும் நடந்து வரவில்லை. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து டோலியில் வந்தார்கள். டோலியைத் தூக்கியவர்கள் எந்தக் கோயிலில் எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள் என்பது கட்டடக் கல்வெட்டில் எழுதப்படுவதில்லை.

அதே அமெரிக்க மதுரை மிஷன் இன்னொன்றும் செய்தது. மலையில் பங்களா எழும்பிய இரண்டே ஆண்டில், 1847இல், சாதியை விடாதவர்களுக்குச் சபையில் இடமில்லை என்று தீர்மானித்தது. சோதனை எளிமையானது: எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உபதேசியார்களிலேயே பலர் இலையில் உட்கார மறுத்தார்கள், விலக்கப்பட்டார்கள். வெள்ளைக்காரர் அதட்டலாக வந்த சீர்திருத்தம் அது, பலருக்கு மனம் மாறாமல் வாய் மட்டும் மாறியது என்று குறை சொல்லலாம், சொல்லவும் செய்தார்கள். இருந்தாலும் சபை எது என்று சோதிக்க அவர்கள் கையில் எடுத்தது சோற்றை. அது சரியான இடத்தில் வைத்த கை. இன்றும் நெல்லை, தூத்துக்குடிச் சபைகளில் அசனம் நடக்கும் நாளில் ஒரே பந்தியில் நூற்றுக்கணக்கானோர் உட்காரும்போது, அன்றைய பிரசங்கத்தைவிட அந்தப் பந்தி அதிகம் பேசும்.

சோற்றில் தோற்ற சாதி, கத்தோலிக்கப் பக்கம் சுவரில் ஜெயிக்கப் பார்த்தது. வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம் தமிழ்நாட்டுக் கட்டட வரலாற்றில் ஒரு விசித்திரம். பீடம் ஒன்று, மக்கள் உட்காரும் கூடம் இரண்டு. கால்சட்டைக் கோயில் என்றே பேர் வந்தது. ஒரு காலில் பிள்ளைமாரும் முதலியாரும், இன்னொரு காலில் நாடார்கள். நடுவில் நிற்கும் குருவுக்கு இரண்டு பக்கமும் தெரியும், மக்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. கல்லும் சுண்ணாம்பும் சாதியின் அளவுக்கு வெட்டிப் பொருத்தப்பட்ட இடம் அது. 1910 வாக்கில் அருட்தந்தை கௌசானல் காலத்தில் தடுப்பு அகற்றப்பட்டது. மேல்சாதியார் வழக்குப் போட்டார்கள். ஆயர் பார்த் எதிர்வாதி. 1916இல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில், தனித்து உட்கார உரிமை கேட்டவர்கள் தோற்றார்கள்.

இது பழங்கதை என்று தள்ள முடியவில்லையே. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து ஏறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் சமமான வழிபாட்டு உரிமையும், அது இல்லையென்றால் தனிப் பங்கும் கேட்டதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் ஒரு சுவர் நின்றது. அதை இடிக்கச் சொல்லிப் போராட வேண்டியிருந்தது. இன்னும் சில ஊர்களில் சுவர் கண்ணுக்குத் தெரியாது. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும்போது ஒரு தெருவை விட்டுவிடுவார்கள். பணம் மிச்சம்தானே என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். வரி வாங்கவில்லை என்றால் கணக்கில் ஆளாகவே சேர்க்கவில்லை என்று அர்த்தம். தேர் அந்தத் தெருவுக்கு வராது, சப்பரம் தூக்கத் தோள் கேட்க மாட்டார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று சொல்லி, திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. மக்களே திருச்சபை என்றால், அந்த மக்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு எந்த இடம் என்று கேட்பது கலகம் அல்ல, வெறும் கணக்கு.

இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கட்டடமே வேண்டாம் என்று முடிப்பது வசதியுள்ளவர்களின் பேச்சு. பெரிய கூடம் உள்ள வீட்டுக்காரர் வீட்டிலேயே ஜெபம் போதும் என்று சொல்லிவிடலாம். ஓர் அறை, ஒரு திண்ணை என்று லயத்தில் குடியிருப்பவர் எங்கே போவார்? தோட்டத்தில் வீடு முதலாளியுடையது, பாதை முதலாளியுடையது, தண்ணீர்த் தொட்டியும் அவருடையதே. அங்கே ஓட்டுக் கூரை போட்ட ஒரு சின்ன ஜெபக்கூடம், தொழிலாளி தலை நிமிர்ந்து நுழைகிற முதல் பொது இடம். சாயங்காலம் பிள்ளைகள் படிக்கிற இடமும் மழையில் வீடு இடிந்தவர்கள் பாய் விரிக்கிற இடமும் அதுதான். யாருடைய தெருவிலும் நிற்க முடியாதவர்கள், நூறு ரூபாய் இருநூறு ரூபாயாகச் சேர்த்து, தங்கள் சேரியில் தங்களுக்கென்று கட்டிய ஆலயத்தைப் பார்த்து இதெல்லாம் தேவையா என்று கேட்க யாருக்கும் அருகதை இல்லை. 1995 ஜூலை 9இல் யாழ்ப்பாணத்து நவாலியில், குண்டுவீச்சுக்குப் பயந்து வந்தவர்களுக்குப் புனித இராயப்பர் ஆலயம் புகலிடமாகத் திறந்திருந்தது. இலங்கை விமானப் படையின் குண்டு அங்கேயும் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களை அந்த ஆலயத்துக்கு இழுத்தது அதன் கோபுர அழகு அல்ல. அந்தக் கூரை தங்களைக் கைவிடாது என்ற நம்பிக்கை.

ஆக, கட்டடம் மக்களுக்குப் பின்னால் வர வேண்டும். எவ்வளவு தேவையோ அவ்வளவு வர வேண்டும். இதை இந்தப் பகுதியிலேயே ஒருவர் நடந்து நடந்து கண்டார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவானபோது, மதுரை - ராமநாதபுரம் திருமண்டலத்துக்குப் பேராயராக வந்தவர் லெஸ்லி நியூபிகின். வயது 37. பன்னிரண்டு ஆண்டுகள் கிராமம் கிராமமாகச் சுற்றினார். மண் சுவர், பனை ஓலைக் கூரை, தரையில் உட்கார்ந்த கூலிக்காரக் குடும்பங்கள். படித்த குருவானவர் இல்லாத சபைகள். அந்த நாட்குறிப்புகள் 1951இல் புத்தகமாக வந்தன. பல ஆண்டு கழித்து இங்கிலாந்துக்குத் திரும்பி, அங்கே காலியாகிக்கொண்டிருந்த பெரிய பெரிய கல் தேவாலயங்களைப் பார்த்தவர், நற்செய்திக்கு நம்பத்தக்க விளக்கவுரை அதை வாழ்ந்து காட்டுகிற ஒரு சபை மட்டுமே என்ற பொருளில் எழுதினார். 1989இல் வந்த அந்தக் கருத்தை மேற்கத்திய இறையியல் கல்லூரிகள் இன்றும் பாடமாக வைக்கின்றன. பாடம் படித்த இடம் மதுரைச் சீமை என்பது நம்மவர்களுக்கு அதிகம் தெரியாது.

தெரியாததற்குக் காரணமும் இருக்கிறது. இன்றைக்குத் திருச்சபை என்ற சொல் செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் நீதிமன்றப் பக்கத்தில். திருமண்டலத் தேர்தல் வழக்கு, சொத்து வழக்கு, நில விற்பனை வழக்கு. ஓலைக் கொட்டகையில் தொடங்கிய சபைகள் விட்டுச்சென்ற நிலங்களும் பள்ளிகளும் இப்போது கோடிகளில் பேசப்படுகின்றன. வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வராதவர்கள் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிறதா என்று பார்க்கத் தவறாமல் வருகிறார்கள். கத்தோலிக்கப் பக்கம் அன்பியங்கள் நல்ல முயற்சி. இருபது முப்பது வீடுகள் சேர்ந்து, முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி, வேதம் வாசித்து, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று விசாரிக்கிற ஏற்பாடு. ஆனால் பல பங்குகளில் அன்பியம் என்றால் கோயிலைக் கூட்டிப் பெருக்கும் முறையும் திருவிழா வசூல் இலக்கும் என்று சுருங்கிவிட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, அந்த ஆண்டு குருத்து ஞாயிறும் ஈஸ்டரும் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் போனபோது எது உயிரோடிருந்தது என்று பார்க்க முடிந்தது. உண்மையான அன்பியம் இருந்த தெருவில் அரிசி கைமாறியது, மருந்து வந்தது. வசூல் மட்டும் நடந்த தெருவில் யூடியூப் ஆராதனை ஓடியது.

அரிசி என்றதும் நினைவுக்கு வருகிறது. கைப்பிடி அரிசிக் காணிக்கை தெரியாத பழைய சபைக் குடும்பம் தென்தமிழ்நாட்டில் இருக்காது. உலை வைக்குமுன் அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து மூலையில் இருக்கும் மண் கலயத்தில் போடுவாள் வீட்டுக்காரி. அன்றைக்குக் குழம்புக்குப் புளி இருந்ததோ இல்லையோ, அந்தப் பிடி தவறாது. ஞாயிற்றுக்கிழமை கலயத்தைக் கவிழ்த்துச் சின்னப் பையில் கட்டி ஆலயத்துக்கு எடுத்துப்போவாள். அந்த அரிசியை விற்றும் சமைத்தும் ஊழியர்களும் ஏழைகளும் பிழைத்தார்கள். பரதவரின் செருப்புப் பணத்தைப் போலவே, மக்கள் கொடுத்தது மக்களுக்கே போன வழி இது. இன்று அந்த வழியில் கிரானைட் கடைக்காரர் குறுக்கே நிற்கிறார்.

மலையூர்களுக்கு இப்போது வேண்டியது எளிய விஷயங்கள். திருமண்டலமோ மறைமாவட்டமோ ஒரு கோபுரத்துக்கு ஒதுக்குகிற தொகையில், பெரும்பாறை, தாண்டிக்குடி போன்ற பகுதிகளில் ஓர் உபதேசியாருக்கோ வேதியருக்கோ மரியாதையான மாதச் சம்பளம் பல ஆண்டுகளுக்குக் கொடுக்கலாம். சவேரியார் கணக்கப்பிள்ளைகளுக்குக் கொடுத்ததை 480 ஆண்டுகள் கழித்துக் கொடுக்க முடியாது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கல்லறைக்கு இடமில்லாத குடியிருப்புகளுக்குச் சாதி பார்க்காத ஒரு துண்டு நிலம் வாங்கலாம். ஆலயம் கட்டுவதென்றால் பிள்ளைகள் படிக்கவும், மழைக்கு ஒதுங்கவும், பிற மதத்து அண்டை வீட்டார் நல்லது கெட்டதற்குக் கேட்டால் கொடுக்கவும் தோதாகக் கட்டலாம்.

பிறகு, ஆட்களை எண்ணும் விதம். மலையிலிருந்து இளைஞர்கள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று வேலைக்கு இறங்குகிறார்கள். அங்கே ஐந்தாறு பேராக அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்க்கும் பையனுக்கு ஊர்ச் சபையில் சங்க காணிக்கை பாக்கி. திருப்பூர்ச் சபையில் பேரே இல்லை. இரண்டு ஏட்டிலும் விழாமல் நடுவில் போய்விடுகிறான். எதிர்த்திசையில் இன்னொரு கூட்டம் ஏறி வருகிறது. வால்பாறை, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளிகள் விட்டுப்போன வேலையை இன்று ஜார்க்கண்ட், அசாம், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் செய்கிறார்கள். அவர்களில் பழங்குடிக் கிறிஸ்தவர்களும் உண்டு. தமிழ்த் திருப்பலியில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரும் எழும்போது எழுந்து, மண்டியிடும்போது மண்டியிட்டுப் போகிறவர்கள். பங்கின் குடும்ப ஏட்டில் அவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மாதம் ஒரு ஞாயிறாவது அவர்களுடைய சாத்ரி மொழியோ இந்தியோ தெரிந்த ஒரு கன்னியாஸ்திரியை வரவழைத்து உட்காரவைத்துப் பேசினால், செலவு பஸ் சார்ஜும் மதியச் சாப்பாடும்தான்.